மேட்டில் நின்றுபோகும் மின்சார சைக்கிள்



சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அந்தத் தவற்றின் விலை 650 வெள்ளி. அது என் சட்டைப் பையிலிருந்து போன பணமாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, நாள் முழுவதும் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயின் பணம் அது. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் குடும்பங்கள் சில, பிறர் ஓட்டிக் கழித்த மின்சார சைக்கிளை வாங்கத் தொடங்கியிருக்கின்றன. என் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாள் எங்கள் லயத்தைச் சேர்ந்தவர். கணவருக்குக் குலை வெட்டி வெட்டி இடுப்பு போய்விட்டது. முன்பெல்லாம் அவர்தான் மனைவியை மோட்டார் சைக்கிளில் வேலைக்காட்டில் கொண்டுபோய் விடுவார். அது நின்ற பிறகு, நடந்தால் முக்கால் மணி நேரம். பட்டணத்தில் யாரோ ஓட்டிய மின்சார சைக்கிள் ஒன்று 1,100 வெள்ளிக்கு வந்தது. வாங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் ராணி போல் போய் வந்தார். மூன்றாவது வாரம் தொல்லை தொடங்கியது.

சமதரையில் மிதித்தால் மோட்டார் கைகொடுக்கிறது. ஆலைக்குப் போகும் செம்மண் மேட்டில் பாதி ஏறியதும் கைவிட்டுவிடுகிறது. சில நாள் விடும், சில நாள் விடாது. மின்சார சைக்கிள் என்றால் சும்மா இல்லை; இருபது கிலோவுக்கு மேல் கனம். அதன்மேல் கூடை, சோற்றுப் பாத்திரம், தண்ணீர்ப் போத்தல். மோட்டார் நின்றால் வண்டி பின்னால் வழுக்கும். ஒரு நாள் காலையில் அப்படி நின்றபோது, பின்னால் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டார். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை அந்த அம்மாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "சார், நீங்க பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரெல்லாம் பார்க்கிறீங்களே, இதையும் கொஞ்சம் பாருங்க சார்" என்றார்.

நான் ஏறி அந்த மேடுவரை ஓட்டினேன். மேட்டில் திரையைப் பார்த்தேன். நான்கு கோடு காட்டிய பேட்டரி இரண்டு கோட்டுக்கு இறங்கியது, மோட்டாரும் நின்றது. உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "பேட்டரி செத்துப்போச்சும்மா. புதுசு போட்டாத்தான் சரியாகும்." வாத்தியார் சொன்னால் நம் மக்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அவர் கூட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து, 650 வெள்ளிக்குப் பேட்டரி வாங்கிப் போட்டார். மூன்றாம் நாள் அதே மேட்டில், அதே இடத்தில், வண்டி நின்றது.

வகுப்பில் எழுந்த கேள்வி

அந்த அம்மாளின் மகள் என் ஐந்தாம் ஆண்டு மாணவி. அந்த வாரம் அறிவியல் பாடத்தில், "ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்" என்று நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்றாள்.

"சார், பழைய பேட்டரி இருக்கும்போதே, கையால முறுக்கினா சைக்கிள் அந்த மேட்டுல ஏறுச்சு சார். மிதிச்சாத்தான் நிக்கும். நான் அம்மாகிட்டச் சொன்னேன். வாத்தியாருக்குத் தெரியாதான்னு சொல்லிட்டாங்க."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கையால் முறுக்கும்போது அந்த மேட்டில் வண்டி ஏறுகிறது என்றால் பேட்டரியில் பலம் இருக்கிறது. மோட்டாரும் நன்றாக இருக்கிறது. குற்றம் மிதிக்கும் பக்கத்தில்தான். பத்து காசு செலவில்லாத ஒரு சோதனை. அதைப் பிள்ளை செய்துவிட்டாள், நான் செய்யவில்லை.

மிதித்தால் மோட்டார் எப்படி ஓடுகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெடல் அச்சின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும். அதில் சிறு சிறு காந்தங்கள் பதிந்திருக்கும்; வண்டிக்கு ஏற்ப எட்டு, பத்து அல்லது பன்னிரண்டு. அந்த வட்டுக்கு எதிரே, நகராமல், கறுப்பாக ஒரு சிறு துண்டு இருக்கும். அதுதான் சென்சார். நீங்கள் மிதிக்கும்போது வட்டு சுற்றுகிறது. ஒவ்வொரு காந்தமும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு துடிப்பு ஒயர் வழியாகக் கண்ட்ரோலர் என்னும் பெட்டிக்குப் போகிறது. துடிப்புகள் வரிசையாக வந்தால், "இவர் மிதிக்கிறார்" என்று அந்தப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் விடும். துடிப்பு நின்றால் மின்சாரத்தையும் நிறுத்தும்.

நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பது இந்தச் சென்சாருக்குத் தெரியாது. பெடல் சுற்றுகிறதா என்பது மட்டுமே தெரியும். மிதிக்கும் பலத்தையே அளக்கும் வேறு வகைச் சென்சாரும் உண்டு. விலை கூடிய வண்டிகளில் அது இருக்கும். அதை நாம் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுங்கள். எப்போது நிற்கிறது? மேட்டிலா, மழைக்குப் பிறகா, குழியில் விழுந்து எழும்போதா, ஹேண்டிலைத் திருப்பும்போதா, பேட்டரி தீரும் நேரத்திலா? ஒரு வாரம் எழுதி வையுங்கள். கடைக்காரரிடம் "சில நேரம் நிக்குது" என்று சொன்னால் அவரும் என்னைப் போல் குத்துமதிப்பாகத்தான் சொல்வார். "இடது பக்கம் திரும்பினால் நிற்கிறது" என்று சொன்னால் நேரே அந்த ஒயரிடம் போவார்.

மோட்டார் நிற்கும்போது திரையும் அணைகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திரையும் சேர்ந்து அணைந்தால், மின்சாரமே அறுபடுகிறது என்று பொருள். பேட்டரி தன் இருக்கையில் ஆடுகிறதா, அதன் பித்தளை முனைகளில் கரி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். திரை எரிந்துகொண்டே மோட்டார் மட்டும் நின்றால், பெரும்பாலும் சென்சார் அல்லது பிரேக் பக்கம் தேட வேண்டும்.

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்

இனி வரிசையாகப் பார்ப்போம். காசு செலவில்லாததை முதலிலும், விலை கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

முதலாவது, உதவி அளவு. திரையில் 0, 1, 2 என்று எண் இருக்கும். பூஜ்யத்தில் இருந்தால் பல வண்டிகளில் மிதித்தாலும் மோட்டார் ஓடாது. பிள்ளைகள் பொத்தானை அழுத்தி விளையாடியிருப்பார்கள். வேகமும் ஒரு காரணம். பல வண்டிகளில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி தானாக நின்றுவிடும். அது பழுதன்று, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கியர். மேட்டில் கனமான கியரில் மிதித்தால் பெடல் மெதுவாகச் சுற்றும். காந்தங்கள் நீண்ட இடைவெளி விட்டுக் கடக்கும். "இவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்" என்று கண்ட்ரோலர் எண்ணிவிடலாம். மேடு வருமுன்பே லேசான கியருக்கு மாற்றி, பெடலை விடாமல் வேகமாகச் சுற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் இதுவே மருந்து.

மூன்றாவது, பிரேக் பிடி. இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பிரேக்கைப் பிடித்தால் மோட்டாரை நிறுத்த, பிரேக் பிடிக்குள் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. பிடி முழுதாகத் திரும்பி வராமல் ஒரு நூலளவு உள்ளே நின்றாலும், "பிரேக் போட்டிருக்கிறார்" என்று மோட்டார் சும்மா இருந்துவிடும். விரலால் பிடியை வெளிப்பக்கம் தள்ளிவிட்டு மிதித்துப் பாருங்கள். மோட்டார் ஓடினால் குற்றவாளி அகப்பட்டான். பிடியின் மூட்டில் மண்ணைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கம்பி இறுகியிருந்தால் சரி செய்யுங்கள். சந்தேகம் தீரவில்லையா? வண்டியை அணைத்துவிட்டு, ஒரு பிடியின் ஒயரை மட்டும் கழற்றிச் சோதியுங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனை என்று என் மாணவி எனக்குக் கற்றுக்கொடுத்தாளே! ஆனால் சோதனை முடிந்ததும் கட்டாயம் மாட்டிவிடுங்கள். அந்தச் சுவிட்ச் உங்கள் உயிருக்குக் காவல்.

நான்காவது, முறுக்கிச் சோதனை. உங்கள் வண்டியில் கை முறுக்கி இருந்தால், வண்டி நிற்கும் அதே மேட்டுக்குப் போங்கள். போக்குவரத்து இல்லாத நேரமாக, தோட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். மிதிக்காமல் முறுக்கினால் ஏறுகிறதா? ஏறினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். இரண்டிலும் நின்றால் அப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நாட்டில் அனுமதி பெற்ற மின்சார சைக்கிளில் முறுக்கி இருக்கக் கூடாது, மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, பதிவும் வேண்டும். ஆகவே இந்தச் சோதனை உங்களுக்கு இல்லை. சோதனைக்காக முறுக்கி மாட்டவும் வேண்டாம்.

காந்த வட்டும் சென்சாரும்

முறுக்கினால் ஓடுகிறது, மிதித்தால் இல்லை என்றால் இங்கே வாருங்கள். வண்டியை அணைத்துப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைவையுங்கள். மோட்டார் திடீரென்று சுற்றினால் விரல் போய்விடும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

செம்மண், எண்ணெய்ப் பிசுக்கு, இரும்புத் தூள் ஆகியவற்றைப் பழந்துணியால் துடையுங்கள். காந்தம் அல்லவா, இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு காந்தம் விழுந்திருக்கிறதா, வட்டு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வட்டுக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி. அது ஒரு தீக்குச்சியின் தடிப்பளவு, அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. உரசவும் கூடாது, விலகவும் கூடாது.

பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றி, அந்த இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது முன்பு கழற்றி வட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தால், முன்னால் மிதிக்கும்போது மோட்டார் ஓடாது. பின்னால் சுற்றினால் ஓடப் பார்க்கும். சிரிக்க வேண்டாம், பழைய வண்டிகளில் இதுவும் நடக்கிறது. சில சென்சார்களில் சின்ன விளக்கு ஒன்று உண்டு. பேட்டரியை மறுபடி மாட்டி, ஓட்டும் சக்கரம் தரையில் படாமல் வண்டியை நிறுத்தி, பெடலை மெதுவாகச் சுற்றினால், ஒவ்வொரு காந்தத்துக்கும் அது மின்னும். மின்னாத இடத்தில் கோளாறு.

அடுத்து ஒயர் இணைப்பு. வட்டமான பிளக்குகளில் அம்புக்குறி இருக்கும். இரண்டு அம்பும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். முறுக்கி அழுத்தினால் உள்ளே முள் வளைந்துவிடும். பச்சைத் துரு பிடித்திருந்தால் துடைத்துக் காய வையுங்கள். மழைக்குப் பிறகு நின்று, வெயிலில் காய்ந்ததும் ஓடும் வண்டி என்றால் பெரும்பாலும் இந்த வேலைதான். ஒயர் பிளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கட்டும்; தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் சொட்டிவிடும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வண்டியைக் கழுவாதீர்கள்.

அந்த மேட்டின் இரகசியம்

மாணவி சொன்ன அன்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வட்டு சுத்தமாக இருந்தது. இடைவெளியும் சரியாக இருந்தது. குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு பெடல் கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். 'டக் டக்' என்று ஆடியது. பெடல் அச்சு தேய்ந்து தளர்ந்திருக்கிறது!

சமதரையில் லேசாக மிதிக்கும்போது அச்சு தன் இடத்திலேயே இருக்கிறது. மேட்டில் முழு பலத்தையும் கொடுத்து மிதிக்கும்போது அச்சு ஒரு பக்கம் சாய்கிறது, காந்த வட்டு சென்சாரை விட்டு விலகுகிறது, துடிப்பு நிற்கிறது, மோட்டாரும் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு, மேட்டில் களைத்துப்போகும் பேட்டரி மாதிரியே இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். திரையில் கோடு இறங்கியதே என்பீர்கள். மேட்டில் மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும்போது நல்ல பேட்டரியிலும் வோல்ட் கொஞ்சம் இறங்கும், கோடும் இறங்கும், சமதரைக்கு வந்ததும் ஏறும். அது மட்டும் சாட்சியாகாது.

பட்டணத்தில் பழைய சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் கொண்டுபோனோம். புது அச்சு போட்டு, இடைவெளியைச் சரிசெய்து கொடுத்தார். கூலியோடு 45 வெள்ளி. மறுநாள் காலை அந்த அம்மாள் மேட்டில் ஏறிப் போவதை நான் கீழே நின்று பார்த்தேன். நிற்கவில்லை.

பேட்டரிதான் என்றால்...

எல்லாம் பார்த்த பிறகும் பேட்டரியே என்று வந்தால், முழுதாகச் சார்ஜ் செய்து அளந்து பாருங்கள். 36 வோல்ட் என்று எழுதிய சாதாரண லித்தியம் பேட்டரியில் பத்து வரிசைக் கலங்கள் இருக்கும். முழுதாக ஏறினால் 42 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, மேட்டில் சட்டென்று முப்பதை ஒட்டி விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. சில மலிவு வண்டிகளில் மூன்று 12 வோல்ட் ஈயப் பேட்டரிகள் இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும்.

லித்தியம் பேட்டரியை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். வேறு வண்டியின் சார்ஜரை மாட்டாதீர்கள். வீட்டார் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள்; வாசலை அடைத்தாற்போலவும் வைக்காதீர்கள். லயத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. பேட்டரி உப்பினால், நாற்றம் வந்தால், தொட முடியாமல் சுட்டால் அதை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. கடை வாசலில் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பெடல் கைகளை ஆட்டிப் பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி மிதித்துப் பாருங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த 650 வெள்ளி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய பேட்டரியும் நன்றாகவே இருந்ததால், இரண்டையும் முறை மாற்றிப் போட்டு ஓட்டுகிறார். கூட்டுத் தவணையில் மூன்று மாதத்தை நான் கட்டினேன். "வேணாம் சார், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று மறுத்தார். நல்லதுக்குச் சொன்னதுதான், ஆனால் தெரியாமல் சொன்னது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னவன் பாதிச் சுமையையாவது தூக்க வேண்டாமா?

வாசகர்களே, கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஏழைக் குடும்பத்தின் காசு சிறிய காசன்று. எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன், எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரானாலும் சரி, வாத்தியாரானாலும் சரி, "எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், வேலையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் காது கொடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.